துணை அதிபர் பதவி காலியானால்

1973 அக்டோபர் 10 அன்று பிற்பகலில், அமெரிக்காவின் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ பால்டிமோர் நகரில் உள்ள மத்திய அரசு நீதிமன்றத்தில் நீதிபதி முன் நின்றார். மேரிலாந்து மாநிலத்தில் பதவியில் இருந்த காலத்தில் ஒப்பந்ததாரர்களிடம் கமிஷன் வாங்கினார் என்ற புகாரை அரசு வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் தோண்டியிருந்தார்கள். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. 1967-ஆம் ஆண்டு வருமான வரி ஏய்ப்பு என்ற ஒரே குற்றச்சாட்டை அவர் எதிர்த்து வாதாட மாட்டார், பதவியை விட்டுவிடுவார், பதிலுக்குச் சிறை கிடையாது. 10,000 டாலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் காலமும் விதிக்கப்பட்டன. கிட்டத்தட்ட அதே நேரத்தில் அவருடைய ராஜினாமா கடிதம் வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரிடம் போய்ச் சேர்ந்தது. துணை அதிபரின் ராஜினாமா அங்கேதான் போகவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அந்த நேரத்தில் அதிபர் ரிச்சர்ட் நிக்சனே, எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் நிலைப்பாரா என்றே தெரியாத வேளையில் அவருக்கு அடுத்த நாற்காலி காலி. இதே சம்பவம் ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தால் அந்த நாற்காலியை நிரப்ப வழியே இருந்திருக்காது. அடுத்த அதிபர் தேர்தலில் ஜெயித்தவர்கள் பதவியேற்கும்வரை அது அப்படியே கிடந்திருக்கும்.

நம் நாட்டு முறைக்குப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். இந்தியாவில் குடியரசுத் துணைத் தலைவரை இரு அவைகளின் எம்.பி.க்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். பதவி காலியானால் கூடிய சீக்கிரம் தேர்தல் நடத்தியாகவேண்டும். 2025 ஜூலையில் ஜகதீப் தன்கர் விலகினார்; செப்டம்பரிலேயே திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடியரசுத் தலைவர் காலமானால் இங்கே துணைத் தலைவர் தற்காலிகமாகத்தான் பொறுப்பேற்பார்; ஆறு மாதத்துக்குள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அமெரிக்காவில் துணை அதிபர் மீதிக் காலம் முழுவதற்கும் முழு அதிபராகிவிடுகிறார். இதுவரை ஒன்பது பேர் அப்படி அதிபரானார்கள். அதனால் அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார், அவரை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்பது அங்கே நாட்டின் தலையெழுத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

ஆனால் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1787-இல் அவர்கள் வகுத்த முறைப்படி, அதிபரைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்கு வாக்களிக்கவேண்டும். முதலில் வருபவர் அதிபர், இரண்டாவது வருபவர் துணை அதிபர். கட்சிகள் முளைத்ததும் இந்த ஏற்பாடு தடுமாறியது. 1796-இல் ஜான் ஆடம்ஸ் அதிபராகவும், அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன் அவருக்கே துணை அதிபராகவும் ஆனார்கள். 1800-இல் நிலைமை இன்னும் மோசம். ஜெஃபர்சனும் அவருடைய சொந்த அணியின் துணை அதிபர் வேட்பாளரான ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்களித்த பிறகுதான் ஜெஃபர்சன் அதிபரானார். இந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1804-இல் நடைமுறைக்கு வந்த 12-வது திருத்தம். அதிபருக்கு ஒரு வாக்கு, துணை அதிபருக்குத் தனியாக ஒரு வாக்கு.

இன்றும் அதுதான் சட்டம். நவம்பரில் மக்கள் போடும் ஓட்டு உண்மையில் தேர்வாளர்களுக்குப் போகிறது. மொத்தம் 538 தேர்வாளர்கள். டிசம்பரில் அவர்கள் தத்தம் மாநிலங்களில் கூடி இரண்டு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிப்பார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு சபைகளும், அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும், சேர்ந்து அமர்ந்து அந்த வாக்குகளை எண்ணும். 270 கிடைத்தால் வெற்றி. துணை அதிபர் போட்டியில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேரில் ஒருவரை செனட் தேர்ந்தெடுக்கவேண்டும். இது ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது. 1836 தேர்தலில் கென்டக்கியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜான்சனுக்கு 147 வாக்குகள், ஒன்று குறைந்தது. ஜூலியா சின் என்ற, அடிமையாக இருந்த கலப்பினப் பெண்ணுடன் அவர் வெளிப்படையாகக் குடும்பம் நடத்தினார் என்பதற்காக வர்ஜீனியாவின் 23 தேர்வாளர்கள் அவருக்கு வாக்களிக்க மறுத்திருந்தார்கள். செனட் 33-க்கு 16 என்று வாக்களித்து அவரைத் துணை அதிபராக்கியது.

சட்டப்படி இவ்வளவு. ஆனால் நடைமுறையில் துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பது தேர்வாளரும் இல்லை, மக்களும் இல்லை. அதிபர் வேட்பாளர் என்ற ஒரே ஒருவர்தான். இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. வெகுகாலம் கட்சி முதலாளிகள்தான் மாநாட்டில் உட்கார்ந்து அந்த இடத்தைப் பங்கு போட்டார்கள். அதிபர் வேட்பாளர் வடக்கு என்றால் இவர் தெற்கு. அவர் சீர்திருத்தக்காரர் என்றால் இவர் பழமைவாதி. 1944-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை தேறாது என்று கட்சித் தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய துணை அதிபர் ஹென்றி வாலஸைக் கழற்றிவிட்டு மிசோரி செனட்டர் ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அடுத்த அதிபரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று அவர்களில் பலருக்குப் புரிந்தே இருந்தது. 82 நாள் துணை அதிபராக இருந்த ட்ரூமன், 1945 ஏப்ரல் 12 அன்று அதிபரானார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது.

அப்புறம் அந்த அதிகாரம் மெல்ல வேட்பாளரின் கைக்கு வந்தது. கைக்கு வந்தாலும் பலர் அதை அவசரத்தில் செலவழித்தார்கள். 1972-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், மாநாட்டின் நெருக்கடிக்கு நடுவே, கேட்ட பலரும் மறுத்த பிறகு, சில மணி நேரத்தில் செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் தேர்ந்தெடுத்தார். ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்து மின் அதிர்ச்சிச் சிகிச்சை எடுத்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. 18 நாளில் அவர் விலக நேர்ந்தது. இன்றைய கண்ணோட்டத்தில் ஈகிள்டனுக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்; சிகிச்சை பெற்றுத் தேறியவரை அது காலத்துக்கும் துரத்தியது. ஆனால் அரசியல்வாதிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: முன்கூட்டியே குடைந்து பார்த்துவிடு. 1976-இல் ஜிம்மி கார்ட்டர் வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தபோது நிதானமான நேர்காணல்கள் நடந்தன. அன்றிலிருந்து வழக்கறிஞர் குழு, நீண்ட கேள்வித்தாள், பல ஆண்டு வரிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு என்று அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

2020-இல் ஜோ பைடன் கமலா ஹாரிஸை அறிவித்தது அப்படி மாதக்கணக்கில் நடந்த அலசலுக்குப் பிறகுதான். மன்னார்குடி பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம், அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர். அந்தத் தேர்தல் சமயத்தில் அந்த ஊர்க் கோயிலில் பூஜை நடந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2024-இல் பைடன் விலகி ஹாரிஸே வேட்பாளரானபோது, டிம் வால்ஸைத் தேர்ந்தெடுக்க அவருக்குக் கிடைத்தது இரண்டு வாரம் சொச்சம்தான்.

கவனியுங்கள், இந்த அலசல் முழுவதும் ரகசியம். நடத்துவது வேட்பாளரின் ஆட்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இவர் நாட்டை ஆளத் தகுதியானவரா என்பதாக இருக்கலாம். ஆனால் கூடவே ஓடும் கேள்வி, இவரால் நமக்கு ஓட்டு போகுமா வருமா என்பது. கண்டுபிடித்ததை அவர்கள் யாருக்கும் காட்டவேண்டியதில்லை. மாநாடு கைதட்டி ஏற்றுக்கொள்கிறது. வாக்காளர் இரண்டு பேரையும் ஒரே சீட்டில் வாங்கிக்கொள்ளவேண்டும். அதிபர் இவர், துணை அதிபர் அந்தக் கட்சிக்காரர் என்று பிரித்துப் போட முடியாது.

வேட்பாளராக இருக்கும்போதே ஒருவர் விலகினாலோ இறந்தாலோ கட்சியின் தேசியக் குழு வேறொருவரை நியமிக்கும். ஈகிள்டன் இடத்துக்கு சார்ஜென்ட் ஷ்ரைவர் அப்படித்தான் வந்தார். 1912-இல் துணை அதிபர் ஜேம்ஸ் ஷெர்மன் தேர்தலுக்குச் சில நாள் முன்பு காலமானார். தோற்றுப்போன அந்த அணிக்குக் கிடைத்த 8 தேர்வாளர் வாக்குகளும் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் நிக்கலஸ் மரே பட்லருக்குப் போயின. பதவியேற்ற பிறகோ கதை வேறு. அதிபரால் துணை அதிபரை நீக்க முடியாது. அமைச்சரை நீக்கலாம், தளபதியை நீக்கலாம், இவரை முடியாது. அடுத்த தேர்தலில் சீட்டிலிருந்து தூக்கலாம், அவ்வளவுதான். நடுவில் வெளியேற்ற ஒரே வழி காங்கிரஸின் பதவிப் பறிப்பு விசாரணை. நிக்சன் ஆக்னியூவை நீக்கவில்லை. நீக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ராஜினாமாவுக்கு நெருக்கியது வழக்கறிஞர்களின் பிடிதான்.

சரி, காலியானால்? 1967 வரை அதற்குப் பதில் இல்லை. அதற்குள் 16 முறை காலியாகிவிட்டது. ஏழு பேர் பதவியில் இறந்தார்கள். ஜான் கால்ஹூன் 1832-இல் செனட்டுக்குப் போவதற்காக விலகினார். எட்டுப் பேர், அதிபர் இறந்ததால் மேலே போனார்கள். எல்லாம் கூட்டினால் 37 ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவுக்குத் துணை அதிபரே இல்லை.

பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் தப்பித்த இரண்டு தருணங்களைச் சொல்லாமல் போக முடியாது. லிங்கன் கொல்லப்பட்டதும் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் மீது 1868-இல் பதவிப் பறிப்பு விசாரணை நடந்தது. துணை அதிபர் இல்லை. அன்றைய சட்டப்படி அடுத்த இடம் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேடுக்கு. ஜான்சனை நீக்கினால் வெள்ளை மாளிகைக்குப் போகப்போகிறவர், அந்த விசாரணையில் தானே நீதிபதிகளில் ஒருவராக உட்கார்ந்து ஜான்சனுக்கு எதிராக வாக்களித்தார். ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது. இரண்டாவது, 1881. ஜூலையில் சுடப்பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்டு இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்து செப்டம்பர் 19 அன்று இறந்தார். செஸ்டர் ஆர்தர் அதிபரானபோது துணை அதிபர் இல்லை, செனட்டுக்குத் தற்காலிகத் தலைவர் இல்லை, புதிய பிரதிநிதிகள் சபை கூடாததால் சபாநாயகரும் இல்லை. ஆர்தருக்கு அன்று ஏதாவது ஆகியிருந்தால் அவருக்குப் பின் யார் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

இந்த அலட்சியத்தை முடித்துவைத்தது டல்லஸ். 1963 நவம்பர் 22 அன்று அந்த நகரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். பதவியேற்ற லிண்டன் ஜான்சனுக்கு 1955-இல் கடுமையான மாரடைப்பு வந்திருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு அடுத்தவர் சபாநாயகர் ஜான் மெக்கார்மக், வயது 71. அவருக்கு அடுத்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் கார்ல் ஹேடன், வயது 86. புது அதிபர் காங்கிரஸில் உரையாற்றியபோது அவர் பின்னால் இந்த இரண்டு முதியவர்களும் உட்கார்ந்திருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அணு ஆயுத யுகத்தில் 14 மாதம் அப்படியே ஓடியது.

இண்டியானாவின் இளம் செனட்டர் பர்ச் பே இதைக் கையில் எடுத்தார். பல யோசனைகள் வந்தன. இரண்டு துணை அதிபர்கள் வேண்டும் என்றார் ஒருவர். தேர்வாளர்களை மறுபடி கூட்டி அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார், அப்போது பதவியில் இல்லாத ரிச்சர்ட் நிக்சன். கடைசியில் நிலைத்தது மிகச் சுருக்கமான ஒரு வாசகம்: துணை அதிபர் பதவி காலியானால் அதிபர் ஒருவரை முன்மொழிவார், காங்கிரஸின் இரு சபைகளும் பெரும்பான்மை வாக்கில் ஏற்றால் அவர் பதவியேற்பார். 1965-இல் காங்கிரஸ் நிறைவேற்றி, 1967 பிப்ரவரியில் மாநிலங்களின் ஒப்புதலோடு அது 25-வது திருத்தத்தின் இரண்டாம் பிரிவானது. அமைச்சர்களையும் நீதிபதிகளையும் செனட் மட்டும் உறுதிசெய்தால் போதும். துணை அதிபருக்கு மட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்து சம்மதிக்கவேண்டும். மக்கள் நேரடியாக ஓட்டுப் போடாத குறையை மக்கள் பிரதிநிதிகளின் சபை ஓரளவு ஈடுகட்டும் என்பது அதன் நியாயம்.

அதற்கு முதல் சோதனை ஆக்னியூவால் வந்தது. நிக்சனின் மனதில் இருந்தவர் டெக்சாஸ்காரரான ஜான் கானலி. ஆனால் இரு சபைகளும் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் உள்ளிட்ட தலைவர்கள், பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த ஜெரால்டு ஃபோர்டு என்றால் தடையின்றிப் போகும் என்று உணர்த்திவிட்டார்கள். அக்டோபர் 12 அன்று நிக்சன் ஃபோர்டை அறிவித்தார்.

எட்டே நாளில் நிலைமை தலைகீழானது. வாட்டர்கேட் சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸை நீக்கும்படி நிக்சன் உத்தரவிட்டார். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் அதற்கு மறுத்து ராஜினாமா செய்தார். ஆக்னியூவோடு பேரம் முடித்தவர் அவர்தான். நிக்சன் பதவி பறிபோகலாம் என்ற பேச்சு கிளம்பியது. துணை அதிபர் இல்லாத நிலையில் நிக்சன் போனால் அதிபராகப் போகிறவர் ஆல்பர்ட். ஃபோர்டின் நியமனத்தைக் கிடப்பில் போட்டால் வெள்ளை மாளிகை தேர்தல் இல்லாமலே நம் கட்சிக்கு வந்துவிடும் என்று ஜனநாயகக் கட்சிக்குள் சிலர் வற்புறுத்தினார்கள். அப்படிச் செய்வதைத் தடுக்கச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆல்பர்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1972-இல் 49 மாநிலங்களில் ஜெயித்த கட்சியிடமிருந்து ஆட்சியைப் பின்வாசல் வழியாக எடுப்பது முறையல்ல என்று அவர் நின்றது, அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றில் போதுமான அளவு பேசப்படாத ஒரு நேர்மை.

ஃபோர்டைக் குடைந்ததோ சாதாரணமாக இல்லை. எஃப்.பி.ஐ.யின் 350-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து 1,700 பக்க அறிக்கை தயாரித்தார்கள். வரிக் கணக்கு, தேர்தல் நிதி, வங்கிக் கணக்கு எல்லாம் அலசப்பட்டன. இரு சபைகளின் குழுக்களும் பகிரங்கமாக விசாரித்தன. அதில் ஒரு கேள்வி பிற்பாடு வரலாறாகிவிட்டது: ஓர் அதிபர் விலகினால், அடுத்து வருபவர் அவர் மீதான விசாரணையைத் தடுக்க முடியுமா? மக்கள் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பொருளில் ஃபோர்டு பதில் சொன்னார். செனட் 92-க்கு 3, பிரதிநிதிகள் சபை 387-க்கு 35. டிசம்பர் 6 அன்று அவர் பதவியேற்றார். 57 நாள் அந்த இடம் காலியாக இருந்தது.

1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் விலக, ஃபோர்டு அதிபரானார். ஒரு மாதத்தில் நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். குழுவில் சொன்ன பதிலை அன்று பலரும் எடுத்துக் காட்டினார்கள். அக்டோபரில் ஃபோர்டே பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் வந்து விளக்கம் சொல்ல நேர்ந்தது. பகிரங்க விசாரணையின் பலன் இதுதான்: சொன்ன வார்த்தை பதிவேட்டில் நிற்கிறது, பிறகு அதை வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது.

ஃபோர்டு தன் இடத்துக்கு முன்மொழிந்தவர் நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர். விசாரணை நான்கு மாதம் இழுத்தது. அவருடைய குடும்பச் சொத்து, கிஸ்ஸிங்கருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த 50,000 டாலர், 1970 தேர்தலில் எதிராளி ஆர்தர் கோல்டுபர்க்கைத் தாக்கி வெளிவந்த புத்தகத்துக்குப் பின்னால் இருந்த பணம் எல்லாம் மேடைக்கு வந்தன. செனட் 90-க்கு 7, பிரதிநிதிகள் சபை 287-க்கு 128. டிசம்பர் 19 அன்றுதான் பதவியேற்பு. அன்றிலிருந்து 1977 ஜனவரி வரை அமெரிக்காவின் அதிபரும் துணை அதிபரும் நாடு தழுவிய தேர்தலில் ஓட்டு வாங்காதவர்கள்.

இது ஜனநாயகத்துக்கு இழுக்கு என்று அன்றே விமர்சனம் எழுந்தது. நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஆக்னியூவை 1968-இலும் 1972-இலும் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அனுப்பினார்கள். அவருடைய கணக்கு வழக்கை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் வேட்பாளரே ஆகியிருக்க முடியாது. ஃபோர்டும் ராக்ஃபெல்லரும் கடந்துவந்த சோதனையை அதுவரை தேர்தலில் ஜெயித்த எந்தத் துணை அதிபரும் கடந்ததில்லை. கட்சி மாநாட்டுக்கும் நவம்பருக்கும் நடுவே, வேட்பாளரின் சொந்த ஆட்கள் அல்லாத ஒரு குழு, கேமராவுக்கு முன்னால் துணை அதிபர் வேட்பாளரைக் கேள்வி கேட்கும் வழக்கம் வந்தால் நல்லது. ஒரே ஒரு தொலைக்காட்சி விவாதம் அதற்கு ஈடாகாது.

1974-க்குப் பிறகு இரண்டாம் பிரிவைப் பயன்படுத்தும் தேவை வரவில்லை. ஆனால் அதன் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. காங்கிரஸுக்குக் கெடு எதுவும் இல்லை. 1973-இல் ஆல்பர்ட்டின் நேர்மையை நம்பி நாடு தப்பியது. இன்று வாஷிங்டனில் இரு கட்சிகளும் இருக்கும் இருப்பில் ஓர் எதிர்க்கட்சிச் சபாநாயகர் அப்படி நடந்துகொள்வார் என்று யார் உத்தரவாதம் தருவது? செனட்டில் வாக்குகள் சமமாக விழுந்தால் முடிவு வாக்கு துணை அதிபருடையது. அவர் இடமே காலி என்றால் சமவாக்கு தோல்விதான். 2021, 2022 இரண்டு ஆண்டும் செனட் 50-க்கு 50 என்று இருந்தது. ஹாரிஸ் தன் நான்காண்டுப் பதவிக்காலத்தில் போட்ட 33 முடிவு வாக்குகள் ஒரு சாதனை. அந்த ஆண்டுகளில் பைடனுக்கு ஏதாவது ஆகி ஹாரிஸ் அதிபராகியிருந்தால், புதிய துணை அதிபரை உறுதிசெய்ய எதிர்க்கட்சியிலிருந்து ஒருவராவது வந்தாகவேண்டும் என்ற நிலை.

இதைவிடப் பெரிய ஓட்டை நான்காம் பிரிவில். அதிபர் செயலிழந்துவிட்டார் என்று அறிவிக்கும் அதிகாரம் துணை அதிபருக்கும் அமைச்சரவைப் பெரும்பான்மைக்கும் சேர்த்துத் தரப்பட்டிருக்கிறது. துணை அதிபர் இல்லாவிட்டால் அந்தப் பிரிவை இயக்க ஆளில்லை. 1973-இலும் 1974-இலும் மொத்தம் ஆறு மாதத்துக்கும் மேலாக அமெரிக்கா அந்த நிலையில்தான் இருந்தது. நான்காம் பிரிவைச் சரிசெய்ய இன்னொரு திருத்தமும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அது இப்போதைக்கு நடக்காது. கெடு விஷயம் அப்படியல்ல. நியமனம் வந்து இத்தனை நாளுக்குள் வாக்கெடுப்பு நடத்துவோம் என்று இரு சபைகளும் தங்கள் நடைமுறை விதிகளில் எழுதிக்கொள்ளலாம். அதை எழுதவேண்டிய நேரம் பதவி நிரம்பியிருக்கும்போதுதான். காலியான பிறகு ஒவ்வொரு கட்சிக்கும் அதில் ஒரு லாப நஷ்டக் கணக்கு வந்துவிடும்.